வீட்டு வைஃபைக்குச் சரியான பூட்டு: கணினி அடாப்டரின் பாதுகாப்பும் நுட்ப அமைப்புகளும்

புக்கிட் செலம்பாவ் – எஸ்பிஎம் முடித்த பிள்ளைக்கு யூபியூ விண்ணப்பம், அம்மாவுக்கு எஸ்டிஆர் உதவித்தொகை, அப்பாவுக்கு இபிஎஃப் கணக்கு, தம்பிக்கு இயங்கலை வகுப்பு. இன்று இவை அனைத்தும் வீட்டில் உள்ள ஒரே வைஃபை வழியாகத்தான் நடக்கின்றன. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், பிறந்த தேதி என்று குடும்பத்தின் எல்லா விவரங்களும் அந்தக் காற்றுவழியில்தான் போய் வருகின்றன.

கோல மூடா மாவட்டத்தின் புக்கிட் செலம்பாவ், சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் ஒருவர் பெயரில் எடுத்த இணையத்தை அக்கம்பக்கத்து இரண்டு மூன்று வீடுகள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. மாதக் கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் எல்லோருக்கும் சுமை குறைகிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பள்ளிப் பாடங்கள் வீட்டுக்கு வந்த காலத்தில் இந்தப் பகிர்வு பல பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றியது. ஆனால், கடவுச்சொல் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கிறது, கணினி எந்தப் பாதுகாப்பு முறையில் இணைந்திருக்கிறது என்பதைப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே குறைவு.

வைஃபை என்றதும் மூலையில் விளக்கு மினுக்கும் ரவுட்டரைப் பற்றித்தான் பேசுகிறோம். அதன் மறுமுனையாகக் கணினிக்குள் இருக்கும் அடாப்டரை யாரும் கவனிப்பதில்லை. இணைப்பு அடிக்கடி அறுவதற்கும், வேகம் குறைவதற்கும், பாதுகாப்பில் ஓட்டை விழுவதற்கும் பல நேரங்களில் அந்த முனைதான் காரணம். அதை எப்படிச் சரிபார்ப்பது, எந்த அமைப்பைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை இக்கட்டுரை வரிசையாகத் தருகிறது. விளக்கங்கள் விண்டோஸ் 11 கணினியை அடிப்படையாகக் கொண்டவை. விண்டோஸ் 10லும் பெரும்பாலும் இதே பெயர்கள்தாம்.

இணையம் யார் பெயரில் இருக்கிறது? சட்டம் சொல்வது என்ன?

அமைப்புகளுக்குள் போகும் முன் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு 2012 ஜூலை 31ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஓர் இணைய இணைப்பிலிருந்து ஏதேனும் ஒரு பதிவு வெளியானால், அந்த இணைப்பு யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரே அதை வெளியிட்டார் என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. பதிவு வெளியான கணினி யார் வசம் இருந்ததோ அவருக்கும் இதே அனுமானம் பொருந்தும். இந்தப் பிரிவை எதிர்த்து 2012 ஆகஸ்ட் 14ஆம் தேதி மலேசிய இணையத்தளங்கள் பல தங்கள் பக்கங்களைக் கறுப்பாக்கி மறுப்புத் தெரிவித்தன. எனினும் சட்டம் இன்றும் இருக்கிறது.

இதன் பொருள் எளிது. அம்மா பெயரில் இருக்கும் இணைப்பைப் பக்கத்து வீட்டு வாடகைக்காரரின் நண்பர் பயன்படுத்தி, யாரையாவது மிரட்டியோ இழிவுபடுத்தியோ ஒரு பதிவு போட்டால், விசாரணை முதலில் வந்து நிற்பது அம்மாவின் வாசலில்தான். அவர் குற்றவாளி என்று ஆகிவிடாது. ஆனால், 'நான் இல்லை' என்று நிரூபிக்கும் அலைச்சல் அவருக்குத்தான்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அனுமதியின்றி இன்னொருவரின் கணினிக்குள் நுழைவது 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி குற்றம். அதற்கு 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விளையாட்டாகப் பக்கத்து வீட்டு ரவுட்டருக்குள் புகுந்து பார்க்கும் இளைஞர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அடாப்டர் என்பது எது?

மடிக்கணினியில் அடாப்டர் என்பது உள்ளே பொருத்தப்பட்ட சிறு அட்டை. அதன் ஏரியல் கம்பிகள் பெரும்பாலும் திரையின் ஓரமாக ஓடும். மேசைக் கணினியில் பலர் பயன்படுத்துவது யுஎஸ்பி துளையில் செருகும் 'டோங்கிள்'. இரண்டும் செய்வது ஒரே வேலை: ரவுட்டருடன் வானொலி அலையில் பேசுவது.

உங்கள் கணினியில் எந்த அடாப்டர் உள்ளது என்று அறிய, 'ஸ்டார்ட்' பொத்தானை வலப்பக்கச் சொடுக்கால் அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' என்பதைத் திறக்கவும். அதில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற வரியை விரித்தால் இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் போன்ற ஒரு பெயர் வரும். பெயரில் 'ஏசி' அல்லது 'வைஃபை 5' என்று இருந்தால் அது 2013இல் வந்த தரம். 'ஏஎக்ஸ்' அல்லது 'வைஃபை 6' என்று இருந்தால் அதற்கும் புதியது. '802.11என்' என்று மட்டும் இருந்தால் 2009ஆம் ஆண்டுத் தரம். அத்தகைய மலிவு டோங்கிள்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும்.

இது பணத்தோடு தொடர்புடைய செய்தி. 150 எம்பிபிஎஸ் என்று அட்டையில் அச்சிட்ட டோங்கிளில், நடைமுறையில் அதில் பாதியை எட்டுவதே அரிது. வீட்டுக்கு 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்து மாதாமாதம் பணம் கட்டினாலும் அந்தக் கணினிக்கு வேகம் வராது. நிறுவனத்திற்குப் புகார் செய்வதற்கு முன், அதே இடத்தில் ஒரு புதிய கைப்பேசியை வைத்து வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். கைப்பேசியில் வேகம் இருந்து கணினியில் இல்லையென்றால், பழுது இணைப்பில் இல்லை, அடாப்டரில் இருக்கிறது.

பாதுகாப்பு வகை: டபிள்யூஇபி முதல் டபிள்யூபிஏ3 வரை

வைஃபை அலை சுவரைத் தாண்டிப் போகும். வீதியில் நிற்பவருக்கும் அது எட்டும். ஆகவே, அலையில் போகும் செய்தியை மறைக்குறியாக்கம் செய்வதுதான் ஒரே காப்பு. அந்த முறைகள் காலப்போக்கில் மாறி வந்துள்ளன.

முதலில் 1997இல் வந்தது டபிள்யூஇபி. 2001இலேயே அதன் பலவீனத்தை ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். இன்று சாதாரண மடிக்கணினி ஒன்றே அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். அடுத்து 2003இல் இடைக்காலத் தீர்வாக டபிள்யூபிஏ வந்தது. 2004இல் வந்த டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்னும் வலுவான மறைக்குறியீட்டைக் கொண்டது. 2006 முதல் வைஃபை சான்றிதழ் பெறும் கருவிகளுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. 2018இல் டபிள்யூபிஏ3 அறிமுகமானது. 2020 ஜூலை முதல் சான்றிதழ் பெறும் புதிய கருவிகளுக்கு அது கட்டாயம்.

உங்கள் கணினி இப்போது எதில் இணைந்திருக்கிறது என்று பார்க்க: 'செட்டிங்ஸ்' திறந்து, 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', பிறகு 'வைஃபை', பிறகு உங்கள் வைஃபை பெயருக்குரிய 'புரோப்பர்ட்டிஸ்'. கீழே இறங்கினால் 'செக்யூரிட்டி டைப்' என்ற வரி இருக்கும். 'டபிள்யூபிஏ3 பெர்சனல்' என்று இருந்தால் மிக நன்று. 'டபிள்யூபிஏ2 பெர்சனல்' என்று இருந்தால் போதுமானது. 'டபிள்யூஇபி' என்றோ, 'ஓப்பன்' என்றோ இருந்தால் இன்றே மாற்ற வேண்டும்.

இதை மாற்றுவது ரவுட்டரில். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் உள்ள முகவரியை உலாவியில் தட்டி உள்ளே நுழைந்து, 'வயர்லெஸ் செக்யூரிட்டி' பகுதியில் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்ற கலப்பு முறையைத் தேர்வு செய்யலாம். புதிய கருவிகள் 3இல் இணையும். பழையவை 2இல் இணையும். மறைக்குறியீடு கேட்டால் 'ஏஇஎஸ்' என்பதை மட்டும் தேர்வு செய்யுங்கள், 'டிகேஐபி' வேண்டாம். டிகேஐபி பழசு என்பது மட்டுமல்ல, அதிலோ டபிள்யூஇபியிலோ இணைந்தால் வைஃபை 4இன் வேகம் கிடைக்காமல் இணைப்பு 54 எம்பிபிஎஸ்ஸில் முடங்கிவிடும். பாதுகாப்பும் வேகமும் சேர்ந்தே போகும்.

ஒரு பழைய டோங்கிள் இணையவில்லை என்பதற்காக வீட்டு வைஃபை முழுவதையும் பழைய முறைக்கு இறக்குவது பலர் செய்யும் தவறு. ஒரு கதவின் பூட்டு சரியில்லை என்று வீட்டின் எல்லாப் பூட்டுகளையும் கழற்றுவது போன்றது அது. டோங்கிளை மாற்றுவதே மலிவு.

அடாப்டர் ஏன் முக்கியம் என்பதற்கு 2017 அக்டோபர் மாதச் சம்பவம் நல்ல சான்று. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப், டபிள்யூபிஏ2 முறையில் 'கிராக்' என்னும் ஓட்டையைக் கண்டுபிடித்து வெளியிட்டார். கடவுச்சொல்லை மாற்றுவதால் அந்த ஓட்டை அடைபடாது. கணினி, கைப்பேசி ஆகியவற்றின் மென்பொருளைப் புதுப்பித்தால்தான் அடைபடும். ரவுட்டர் புதிதாக இருந்தாலும் புதுப்பிக்காத கணினிக்கு ஆபத்து நீங்காது.

கடவுச்சொல்: தொலைபேசி எண் வேண்டாம்

டபிள்யூபிஏ2 கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். வீட்டிலிருந்து ஒரு கருவி இணையும் நொடியில் நடக்கும் 'கைகுலுக்கலை' வெளியில் இருப்பவர் பதிவு செய்துகொள்ள முடியும். பிறகு அவர் தம் வீட்டில் உட்கார்ந்து, கோடிக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாக அதன் மீது போட்டுப் பார்க்கலாம். ரவுட்டருக்கு இது தெரியவே தெரியாது.

நம்மில் பலர் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கிறோம். மலேசியக் கைப்பேசி எண்கள் அனைத்தும் 01 என்றே தொடங்குகின்றன. 011 எண்களுக்குப் பின்னால் 8 இலக்கம், மற்றவற்றுக்கு 7 இலக்கம். எல்லாவற்றையும் கூட்டினாலும் இருபது கோடிக்குள் அடங்கிவிடும். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி ஒன்றுக்கு இதை முழுவதும் சோதிக்க ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படாது. அடையாள அட்டை எண் இன்னும் மோசம். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு மாநிலக் குறியீடு (கெடாவுக்கு 02). தெரிந்தவர் ஒருவருக்கு மீதி நான்கை ஊகிப்பது பெரிய வேலையே அல்ல. மேலும், வைஃபை கேட்டு வருவோருக்கெல்லாம் உங்கள் அடையாள அட்டை எண்ணையே கொடுத்தவர்களாகிறீர்கள்.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுவது நல்ல வழி. முறம், பலாச்சுளை, ரயில், குடை, வாத்து என்பது போல ஒரு வரிசை. பாட்டிக்கும் நினைவிருக்கும். உடைப்பதும் கடினம். இங்கே கொடுத்த வரிசையை அப்படியே வைக்காமல் சொந்தமாக ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

'டபிள்யூபிஎஸ்' என்னும் எளிய இணைப்பு முறையை ரவுட்டரில் நிறுத்திவிடுவதும் அவசியம். அதில் உள்ள 8 இலக்க எண்ணை 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011 டிசம்பரிலேயே வெளியானது. எவ்வளவு நீளமான கடவுச்சொல் வைத்திருந்தாலும் இந்தப் பின்கதவு திறந்திருந்தால் பயனில்லை.

வைஃபை பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கின்றனர். அது பாதுகாப்பு அல்ல. பெயர் மறைந்திருக்கும்போது, உங்கள் கணினி போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டிருக்கும். தேடுபவருக்கு அது கேட்கும்.

பக்கத்து வீட்டோடு பகிர்வது என்றால்

கொடுத்துப் பழகிய இடத்தில் திடீரென்று நிறுத்துவது எல்லோருக்கும் முடிகிற காரியமல்ல. பகிரத்தான் வேண்டும் என்றால் நான்கு விதிகளைக் கடைப்பிடிக்கலாம்.

முதலாவது, ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்னும் விருந்தினர் வைஃபையைத் திறந்து, அதற்குத் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். அதில் இணைவோர் உங்கள் வீட்டுக் கணினி, கேமரா, அச்சுப்பொறி ஆகியவற்றைப் பார்க்க முடியாதபடி அது பிரித்து வைக்கும். இரண்டாவது, வாடகைக்காரர் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மூன்றாவது, ஒரு பிள்ளைக்குக் கொடுத்த கடவுச்சொல் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். கைப்பேசியில் ஒரு க்யூஆர் படத்தைக் காட்டினாலே போதும், விண்டோஸ் 11இல் சேமித்த கடவுச்சொல்லை அப்படியே திறந்து படிக்கலாம். நான்காவது, மாதம் ஒரு முறை ரவுட்டரில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் விசாரியுங்கள்.

ஆனால் ஒன்று. விருந்தினர் வைஃபை உங்கள் கருவிகளைக் காக்குமே தவிர, 114ஏ பிரிவிலிருந்து உங்களைக் காக்காது. வெளியே போகும் இணைப்பு அப்போதும் உங்கள் பெயரில்தான் இருக்கும். ஆகவே, நம்பத்தக்க குடும்பங்களோடு மட்டும் பகிர்வதும், வசதி வந்ததும் அவரவர் பெயரில் எடுத்துக்கொள்வதுமே நல்லது.

கணினியில் செய்ய வேண்டிய பாதுகாப்பு அமைப்புகள்

நெட்வொர்க் வகை: 'செட்டிங்ஸ்' பகுதியில் வைஃபையின் 'புரோப்பர்ட்டிஸ்' திறந்தால் 'பப்ளிக்', 'பிரைவேட்' என இரண்டு தேர்வுகள் இருக்கும். 'பிரைவேட்' என்றால், அதே வைஃபையில் உள்ள மற்ற கணினிகளுக்கு உங்கள் கணினி தென்படும். 'பப்ளிக்' என்றால் தென்படாது. உங்கள் குடும்பம் மட்டும் பயன்படுத்தும் வைஃபையில், கோப்புப் பகிர்வு தேவைப்பட்டால் மட்டும் 'பிரைவேட்' வையுங்கள். அக்கம்பக்கத்தோடு பகிரும் வைஃபை என்றால், அது உங்கள் சொந்த வீடாகவே இருந்தாலும் 'பப்ளிக்' என்றே இருக்கட்டும்.

தானாக இணைதல்: 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி' என்பதை வீட்டு வைஃபைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடை, பேருந்து நிலையம், மருத்துவமனை ஆகியவற்றின் வைஃபையை 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' பட்டியலில் தேடி 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிடுங்கள். அதே பெயரில் வேறொருவர் போலி வைஃபை வைத்தால், உங்களைக் கேட்காமலேயே கணினி அதில் போய் இணைந்துவிடக்கூடும்.

மாறும் வன்பொருள் முகவரி: ஒவ்வோர் அடாப்டருக்கும் ஒரு நிலையான முகவரி உண்டு. வெளியிடங்களில் அதைக் கொண்டு உங்கள் நடமாட்டத்தைக் கண்காணிக்கலாம். 'ராண்டம் ஹார்ட்வேர் அட்ரசஸ்' என்பதை இயக்கினால் அந்த முகவரி மறைக்கப்படும். வீட்டு ரவுட்டரில் முகவரிப் பட்டியல் வைத்து அனுமதி கொடுப்பவர்கள், வீட்டு வைஃபைக்கு மட்டும் இதை நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையேல் உங்கள் கணினியே வெளியில் நிற்கும்.

அளவிட்ட இணைப்பு: கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ப்ரீபெய்ட் டேட்டாவைக் கொண்டு கணினியை இயக்குவோர் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதை இயக்குங்கள். விண்டோஸ் பெரிய கோப்புகளைப் பின்னணியில் இறக்குவதை இது பெருமளவு குறைக்கும். வாரக் கடைசியில் வாங்கிய டேட்டா ஞாயிறு காலையில் காணாமல் போவது இதனால் தவிர்க்கப்படும்.

'அட்வான்ஸ்டு' பக்கம்: எதைத் தொடலாம்?

'டிவைஸ் மேனேஜர்' திறந்து, உங்கள் அடாப்டரின் பெயரில் வலப்பக்கச் சொடுக்கால் அழுத்தி, 'புரோப்பர்ட்டிஸ்', பிறகு 'அட்வான்ஸ்டு' என்பதைத் தேர்வு செய்தால் நீளமான பட்டியல் ஒன்று வரும். அடாப்டருக்கு அடாப்டர் இது மாறுபடும். கீழே உள்ள பெயர்கள் பெரும்பாலும் இன்டெல் அடாப்டர்களில் காணப்படுபவை. ரியல்டெக்கிலும் இவற்றில் சில இருக்கும்.

தொடங்கும் முன் இரண்டு பழக்கங்கள் வேண்டும். இருக்கும் மதிப்பைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஐந்தை ஒரே நேரத்தில் மாற்றினால், எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று கண்டறிய முடியாது.

'ப்ரிஃபர்ட் பேண்ட்' – எந்த அலைவரிசைக்கு முன்னுரிமை என்பதை இது முடிவு செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் கூட்டம் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு கல்சுவரைத் தாண்டினால் தளர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ கணினி இருந்தால் 5க்கு முன்னுரிமை கொடுங்கள். பின்கட்டில் அல்லது தனிக் கொட்டகையில் இருந்தால் 2.4 சரி. தாமான் வரிசை வீடுகளில் இந்த ஒரே மாற்றம் பெரிய வித்தியாசம் தரும், ஏனெனில் இருபக்கத்து வீட்டு ரவுட்டர்களும் 2.4இல்தான் நெரிசல் ஏற்படுத்துகின்றன.

'சேனல் விட்த்' – 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு '20 மெகாஹெர்ட்ஸ் ஒன்லி' என்று வையுங்கள். 40 என்று வைத்தால் அலைவரிசையின் பெரும்பகுதியை ஒரே வீடு பிடித்துக்கொள்ளும், அக்கம்பக்கத்தோடு மோதல் கூடும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு 'ஆட்டோ' போதும்.

'ரோமிங் அக்ரெசிவ்னஸ்' – ஒரே பெயரில் இரண்டு மூன்று வைஃபை முனைகள் இருக்கும்போது, இருப்பதை விட்டு வேறொன்றுக்கு எவ்வளவு விரைவாகத் தாவ வேண்டும் என்பது. ஒன்று முதல் ஐந்து வரை அளவு, நடுநிலை 3. வீட்டில் ஒரே ரவுட்டர் என்றால் குறைத்து வைக்கலாம். தாவ வேறிடம் இல்லாதபோது தேடிக்கொண்டிருப்பது வீண். மேல்மாடியில் இரண்டாவது முனை வைத்திருந்தும் கணினி கீழ்மாடி ரவுட்டரையே பிடித்துத் தொங்கினால் ஒரு படி கூட்டிப் பாருங்கள்.

'டிரான்ஸ்மிட் பவர்' – கணினி ரவுட்டரை நோக்கிப் பேசும் சத்தம். வழக்கமாக 'ஹையெஸ்ட்' என்றே இருக்கும். கீழே இறங்கியிருந்தால் ஏற்றிவிடுங்கள். ரவுட்டரின் சத்தம் கணினிக்குக் கேட்டும் கணினியின் பதில் ரவுட்டருக்குக் கேட்காமல் போவதுண்டு. கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் கூகுள் மீட் வகுப்பில் பிள்ளையின் குரல் மட்டும் உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'வயர்லெஸ் மோட்' – பட்டியலில் உள்ள மிக உயர்ந்த தரத்தையே வையுங்கள். மிகப் பழைய ரவுட்டருடன் இணையவே மறுத்தால் மட்டும் சோதனைக்காக ஒரு படி இறக்கலாம்.

'த்ரூபுட் பூஸ்டர்' – பெயர் ஆசை காட்டும். இதை இயக்கினால் ஒரு கணினி தொடர்ந்து அலையைப் பிடித்துக்கொண்டு கோப்பை ஏற்றும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பலர் பகிரும் வீட்டில் 'டிசேபிள்டு' என்றே இருக்கட்டும்.

'மிமோ பவர் சேவ்', 'மிக்ஸ்டு மோட் புரொடெக்ஷன்', 'ஃபேட் சேனல் இன்டாலரன்ட்' – இவற்றை இருக்கும் நிலையிலேயே விட்டுவிடுங்கள். தொடுவதால் வீட்டுப் பயனருக்குப் பெரிய நன்மை இல்லை.

'பவர் மேனேஜ்மெண்ட்' – இது 'அட்வான்ஸ்டு' பக்கத்துக்கு அருகில் உள்ள தனிப் பக்கம். சில கணினிகளில் இராது. மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கக் கணினிக்கு அனுமதி உண்டா என்று கேட்கும் கட்டம் அதில் இருக்கும். சிறிது நேரம் விட்டு வந்தால் வைஃபை அறுந்து கிடக்கிறது என்றால், அந்தக் கட்டத்தின் குறியை எடுத்துவிடுங்கள். பேட்டரி சற்றுக் குறைவாக நிற்கும், ஆனால் இணைப்பு நிற்கும்.

தோட்டத்து லயமும் தாமான் வீடும்

அமைப்புகளால் தீராததை இடமாற்றம் தீர்ப்பதுண்டு. தகரம் வைஃபை அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையலறை என்றால் அங்கே அலை நலிந்தே வரும். ரவுட்டரை இரும்பு அலமாரிக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் வைக்காமல், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். 4ஜி அல்லது 5ஜி சிம் போட்ட ரவுட்டர் என்றால், கோபுரம் இருக்கும் பக்கத்துச் சன்னலோரம் சிறந்த இடம்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே ஒன்றோடொன்று மோதாதவை. இடப்பக்க வீடு 1, உங்கள் வீடு 6, வலப்பக்க வீடு 11 என்று பேசி வைத்துக்கொண்டால் மூவருக்கும் நன்மை.

டோங்கிள் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. நீல நிற யுஎஸ்பி 3.0 துளையும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இரைச்சல் உண்டாக்கும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் விளக்கியிருக்கிறது. டோங்கிளை யுஎஸ்பி 2.0 துளையில் செருகுங்கள், அல்லது ஒரு முழ நீட்டிப்புக் கம்பியில் மாட்டி மேசை மேல் கொண்டு வாருங்கள். சில வெள்ளி செலவில் கிடைக்கும் பலன் இது.

புதிய ஐஃபோன் ஹாட்ஸ்பாட் பழைய டோங்கிளுக்குத் தெரியவே இல்லை என்றால், ஐஃபோனின் 'பெர்சனல் ஹாட்ஸ்பாட்' பகுதியில் 'மேக்சிமைஸ் காம்பாட்டிபிலிட்டி' என்பதை இயக்குங்கள். அது 2.4க்கு இறங்கி வரும்.

இடி மின்னல் நேரத்தில் ரவுட்டரின் மின்செருகியைக் கழற்றி வைப்பதும் நல்லது. ஃபைபர் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், ரவுட்டருக்கு வரும் மின்கம்பி கடத்தும்.

டிரைவர் மென்பொருளும் புதுப்பிப்பும்

அடாப்டரை இயக்குவது 'டிரைவர்' என்னும் சிறு மென்பொருள். கணினி தயாரிப்பாளரின் அதிகாரத்துவ இணையத்தளத்திலிருந்தோ, 'விண்டோஸ் அப்டேட்' பகுதியின் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' வழியாகவோ மட்டும் அதைப் புதுப்பியுங்கள். தேடும்போது மேலே வரும் 'இலவச டிரைவர் அப்டேட்டர்' விளம்பரங்களை அழுத்த வேண்டாம். வைஃபையைச் சரிசெய்யப் போய் வங்கிக் கணக்கைத் திறந்து கொடுத்த கதையாகிவிடும்.

புதுப்பித்த பிறகு நிலைமை மோசமானால், அடாப்டரின் 'புரோப்பர்ட்டிஸ்' பகுதியில் 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்திப் பழையதுக்குத் திரும்பலாம். எதுவும் பலிக்கவில்லையென்றால் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'நெட்வொர்க் ரீசெட்' உண்டு. அது சேமித்த கடவுச்சொற்கள் அனைத்தையும் அழித்துவிடும் என்பதால், முதலில் அவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. 'கிராக்' போன்ற ஓட்டை மீண்டும் ஒன்று வெளிப்பட்டால், புதுப்பிப்பு கிடைக்காத கணினிக்கு அடைப்பு வராது. பழைய கணினியை வைத்திருப்போர், விண்டோஸ் 11க்கு மாற முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால், வங்கிப் பரிவர்த்தனையையாவது புதுப்பித்த கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது?

ரவுட்டர் பட்டியலில் தெரியாத கருவி, நீங்கள் செய்யாத உள்நுழைவு, கணக்கில் குறையும் பணம். இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் ரவுட்டரின் வைஃபை கடவுச்சொல்லையும், ரவுட்டருக்குள் நுழையும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இரண்டாவது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. தொழிற்சாலையில் வைத்த அதே சொல்லில் கிடக்கும்.

பணம் போயிருந்தால் உடனே வங்கியையோ, 997 என்ற எண்ணில் தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தையோ அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்த மையம், பணம் கைமாறுவதற்குள் தடுக்கவே அமைக்கப்பட்டது. ஆகவே நேரம் முக்கியம். பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். ஊடுருவல், போலி இணையத்தளம் போன்றவற்றுக்கு சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையை 1-300-88-2999 என்ற எண்ணில் நாடலாம்.

உங்கள் இணைப்பை வேறொருவர் தவறாகப் பயன்படுத்தினார் என்று தெரிந்தால், இணைந்திருந்த கருவிகளின் பட்டியலைப் படம் பிடித்து, தேதியுடன் வைத்துக்கொண்டு, தாமதமின்றிப் புகார் கொடுங்கள். ரவுட்டரை உடனே 'ரீசெட்' செய்துவிடாதீர்கள், அதில் உள்ள பதிவுகள் அழிந்துவிடும். 114ஏ பிரிவின் முன் 'நான் இல்லை' என்று காட்ட அந்தப் படங்கள் உதவக்கூடும்.

ஒரே மாலையில் முடிக்கக்கூடியவை

• 'செக்யூரிட்டி டைப்' டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.
• தொலைபேசி எண், அடையாள அட்டை எண் அல்லாத நீளமான கடவுச்சொல்லை வையுங்கள்.
• டபிள்யூபிஎஸ் முறையை நிறுத்துங்கள், நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.
• பகிரும் வீடுகளுக்கு விருந்தினர் வைஃபை திறந்து கொடுங்கள், கணினியில் 'பப்ளிக்' தேர்வு செய்யுங்கள்.
• பயன்படுத்தாத பழைய வைஃபை பெயர்களைக் கணினியிலிருந்து நீக்குங்கள்.
• 'ப்ரிஃபர்ட் பேண்ட்', 'சேனல் விட்த்', 'பவர் மேனேஜ்மெண்ட்' ஆகிய மூன்றை மட்டும் வீட்டுக்கு ஏற்ப அமையுங்கள்.
• விண்டோஸ் புதுப்பிப்பை முடித்துவிட்டுக் கணினியை ஒரு முறை அணைத்து இயக்குங்கள்.

இவற்றைத் தனியாகச் செய்யத் தயங்கும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுக்கலாம். இணையம் யார் பெயரில் பதிவாகியுள்ளதோ, அவருக்குத் தம் வைஃபையின் கடவுச்சொல்லும், அது யார் யாரிடம் இருக்கிறது என்ற விவரமும் தெரிந்திருக்க வேண்டும்.